கோவில் சாவி

கோவில் சாவி இன்றைக்குச்
சலவை இயந்திரத்துக்குள் விழுந்து சுழன்றது.
அரை மணி நேரம்
உள்ளிருந்து டடக் டடக் என்று கதவைத் தட்ட,
இயந்திரம்தான் சாகிறது என்று நினைத்து
மாதாவை வேண்டிக்கொண்டு நின்றேன்.
பாதித் தவணை இன்னும் பாக்கி.
திறந்து பார்த்தால்
ரெம்பெர்த்தோவின் கால்சட்டைப் பையில்
ஒரு சாண் இரும்பு,
தொட்டியில் முங்கி எழுந்த பிள்ளை போலச் சுத்தமாய்.

சிலோயேவைச் சுற்றிய தீவுகளில் எங்களுடையது சின்னது.
சாமியார் வருடத்துக்கு இருமுறை வருவார்,
அதுவும் கடல் சம்மதித்தால்.
மற்ற நாளெல்லாம் என் வீட்டுக்காரர்தான் 'பிஸ்கால்'.
மணியடிப்பார், செபம் சொல்வார்,
சாகிறவர் தலைமாட்டில் திரி பிடிப்பார்,
அவசரமாய்ப் போகவிருக்கும் சிசுவுக்கு
உள்ளங்கைத் தண்ணீரில் பெயர் வைப்பார்.
ஊருக்கு அப்படி உருகிச் செபிக்கிற மனுஷன்
வீட்டில் முழந்தாளிட்டால்
இரண்டாம் மறைபொருளில் குறட்டை.
"சேசுவுக்கு இது புதுசில்லை,
ஒலிவத் தோட்டத்திலேயே பார்த்துவிட்டார்"
என்பாள் யாஸ்னா, மூத்தவள்.

என் செபம் சால்மன் ஆலையில்.
ரப்பர் பூட்ஸ், மூன்றடுக்குக் கையுறை, கத்தி.
செபமாலை உருட்ட விரல் ஏது?
அதனால் மீனை எண்ணினேன்.
ஒரு மீனுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே,
பத்து மீன் போனால் ஒரு மறைபொருள்.
போன வருடம் பட்டையின் வேகத்தைக் கூட்டினார்கள்.
இப்போது ஒரு மரியேக்குள் மூன்று மீன் ஓடுகிறது.
மாதா கோபிக்க மாட்டாள்.
கைப்பிள்ளையோடு ராவோடு ராவாய் எகிப்துக்கு ஓடியவளுக்கு
அவசரம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சண்டை.
விதைக்கென்று வைத்திருந்த உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை.
அதில் ஒன்றைத் தோளில் தூக்கிப்போய்
நாஹுவெல்கின் வீட்டில் இறக்கிவிட்டு வந்தார்.
குளிர்காலத்தில் எங்கள் படகின் கயிற்றை அறுத்துவிட்டவன் அவன்.
குடித்துவிட்டு அவனே சொன்னது.
"அவன் வீட்டில் நாலு பிள்ளைகள்" என்றார்.
"நம் வீட்டில் மூன்று" என்றேன்.
அதோடு பேச்சு நின்றது.

ஐந்து நாள்.
உப்புக்குக்கூடச் சின்னவன் தாமாசோதான் தூது.
"அப்பாவிடம் சொல், விறகு ஈரம்."
"அம்மாவிடம் சொல், மழை என் கையில் இல்லை."
சனிக்கிழமை இரவு கோபத்தோடேயே
அவருடைய ஞாயிற்றுச் சட்டையைத் தேய்த்தேன்.
கோபத்தில் தேய்த்தால்
மடிப்பு நன்றாகவே விழுகிறது.

காலையில் மரச்சில்லுக் கூரை மேல் மழை.
பதினெட்டுப் பேர், ஒரு நாய்.
கடைசி பெஞ்சில் நாஹுவெல்கின்,
மடியில் தொப்பி.
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் இடம் வந்தது.
சொல்லச் சொன்னவரே படியிறங்கி
நேரே என்னிடம் வந்தார்.
கை நீட்டாமல் இருக்கவில்லை நான்.
நீட்டினேன், விறகுக் கட்டையை நீட்டுவது போல.
எத்தனை சோப்புக்கும் போகாத மீன்வாடைக் கை.
அதை இரு கையாலும் பொத்திக்கொண்டு
காதருகே குனிந்து,
"புகைபோக்கியைச் சுத்தம் பண்ணிவிட்டேன்" என்றார்.

மன்னிப்பு என்ற சொல்லையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிடுவார்.
எனக்குக் கிடைப்பது
கரி ஏறிய நகங்கள்.
சிரிப்பை அடக்கினேன்.
யாஸ்னா பார்த்துவிட்டாள்.

அப்புறம் கடைசி பெஞ்சுக்கு நடந்தேனா?
இல்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.
திரும்பித் தலையை மட்டும் அசைத்தேன்.
எழுந்துநின்ற அவசரத்தில் அவன் தொப்பி
தரையில் விழுந்து உருண்டது.
நாய் எடுத்துக்கொண்டது.

சாவி இப்போது அடுப்புக்கு மேலே
ஐந்து ஜோடிக் காலுறைகளுக்கு நடுவே
கொடியில் காய்கிறது.
விடியுமுன் நாலரைக்கு நான் கிளம்பும்போது
தூக்கம் கலையாமலே கை தூக்கி
என் நெற்றியில் சிலுவை போடுவார்.
சில நாள் குறி தப்பி
மூக்கில் விழும்.